'மொதே' என்று முடிகிற பாட்டு

ஃபிஜியில், சிகடோகா என்ற ஊரில், பஸ் கம்பெனி ஆபீசில் நான் டிக்கெட் எழுதிக்கொண்டிருந்த காலத்தில், பக்கத்துக் கடையில் ஒரு தையற்காரர் இருந்தார். தென்னாட்டு முஸ்லிம் குடும்பம். அவருடைய தகப்பனாரும் என்னுடைய தகப்பனாரும் கிர்மிட் என்ற ஒப்பந்தக் கூலிக் காலத்தில் ஒரே தோட்டத்தில் கரும்பு வெட்டியவர்கள். அவர் என்னைவிடச் சில வயது மூத்தவர். நான் அவரை 'பாய்' என்பேன். அவர் என்னைத் 'தம்பி' என்பார்.

பாட்டுக்கு மெட்டு போடுவது அவர் வேலை, சொல் போடுவது என் வேலை. எங்கள் தென்னிந்தியச் சங்கத்து விழாவுக்கு வருஷா வருஷம் எங்கள் ஊர் ஆட்கள் ஒரு நாடகம் போடுவார்கள். தவுவாவிலிருந்தெல்லாம் லாரியில் ஜனம் வரும். அந்த நாடகப் பாட்டுகள் எல்லாம் அந்தத் தையல் மெஷினுக்கும் என் டிக்கெட் மேஜைக்கும் நடுவில் இருந்த பலகைச் சுவரின் இரண்டு பக்கத்திலும் பிறந்தவைதான். அவர் மெஷினை மிதித்துக்கொண்டே மெட்டை முனகுவார். நான் இந்தப் பக்கம் பயணிகளுக்குச் சில்லறை கொடுத்துக்கொண்டே சொல் தேடுவேன்.

அவருக்குத் தமிழ் எழுத்து தெரியாது. குர்ஆன் ஓதுகிற அளவுக்கு அரபு எழுத்து தெரியும். நானோ சங்கத்துப் பள்ளியில் தமிழ் படித்தவன். எதுகை, மோனை, இயைபு என்று பேர் சொல்லத் தெரியும். அதெல்லாம் அவருக்குத் தேவைப்படவில்லை. காதுதான் அவருக்கு எல்லாம்.

"தம்பி, இந்த எடத்துல கரும்புன்னு போட்டுட்ட. பாடுறவன் வாய் மூடிக்குது பாரு. தொறந்த சொல்லா குடு" என்று சுவரைத் தட்டுவார். நான் வேறு சொல் கொடுப்பேன். பிடித்துவிட்டால் மெஷின் வேகமாக ஓடும். பிடிக்காவிட்டால் நின்றுவிடும். அந்தச் சத்தத்திலிருந்தே எனக்குத் தெரிந்துவிடும்.

ஒரு நாள் காலையில் நான் அவர் கடைக்குள் போனபோது, அவர் வெள்ளைச் சட்டை ஒன்றுக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தார். துணியில் ரத்தம். புள்ளிப் புள்ளியாக இல்லை, கொடி மாதிரி நீண்டிருந்தது.

"பாய், கையப் பாருங்க!"

அவர் பார்த்தார். இடது கைச் சுண்டு விரலில் ஊசி ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் வந்திருந்தது. அவருக்கு வலிக்கவே இல்லை. சிரித்தார். "வயசாச்சு தம்பி, தோலு காய்ச்சுப் போச்சு" என்றார். சட்டைக்காரனிடம் என்ன சொல்வது என்பதுதான் அவருடைய கவலையாக இருந்தது.

பிறகு பார்த்தால் அந்தக் கையின் வெளிப்புறத்தில் வெளிறிய தேமல் ஒன்று இருந்தது. காது மடல் தடித்திருந்தது. அதையெல்லாம் தினம் பார்த்துக்கொண்டிருந்தவன் நான், எனக்கு ஒன்றும் தோன்றியதில்லை. டாக்டர் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட்டார். பெருவியாதி, குஷ்டம். அந்தக் காலத்தில் அதற்கு எண்ணெய் ஊசிதான் மருந்து. நோயாளிகளைத் தனியாக ஒரு தீவில் இருந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார்கள். போனவர்களில் சிலர் திரும்பி வந்ததாகச் சொல்வார்கள். நான் யாரையும் பார்த்ததில்லை.

சுவாவிலிருந்து தீவுக்குப் படகு புறப்படுகிற வரைக்கும் அவரை எங்கள் ஊர் ஆஸ்பத்திரியின் பின்னால் தனி அறையில் வைத்தார்கள். செய்தி பரவியதும், தைக்கக் கொடுத்திருந்தவர்கள் கடைக்கு வந்தார்கள். பள்ளத்தாக்கில் காய்கறி போடுகிற எங்கள் ஆட்கள்தான், பல வருஷமாகப் பழகியவர்கள். யாரும் துணியைக் கையால் தொடவில்லை. குச்சியால் இழுத்து வெளியே போட்டுக் கொளுத்தினார்கள். அதில் ஒரு கல்யாணப் பாவாடையும் இருந்தது. அவருடைய ஆர்மோனியத்தை அவர் மனைவி கொளுத்த விடவில்லை. அதற்குப் பதிலாக கார்பாலிக் தண்ணீரை ஊற்றி ஊற்றிக் கழுவினார். அதன் பிறகு அதில் காற்று மட்டும்தான் வந்தது.

நான் சாயங்காலம் வேலை முடிந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போவேன். உள்ளே விடமாட்டார்கள். ஜன்னலுக்கு வெளியே, கொஞ்சம் தள்ளி, மாமரத்தடியில் நின்று பேச வேண்டும். முதல் இரண்டு மூன்று தடவை என்ன பேசுவதென்றே எனக்குத் தெரியவில்லை. பஸ் பங்ச்சர் ஆனதைச் சொன்னேன். மழை இல்லை என்று சொன்னேன். அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு ஒரு நாள் அவராகவே ஆரம்பித்தார்.

"தம்பி, ஒரு மெட்டு வந்திருக்கு. கேக்குறியா?"

முனகினார். நாலு அடி. ஒவ்வொரு அடியும் மெல்ல ஏறி, கடைசியில் ஒரு குட்டைச் சுரத்தில் தட்டி, ஒரு நீண்ட சுரத்தில் போய் உட்கார்ந்தது. அவர் அதுவரை போட்ட மெட்டுகளில் அதுதான் எளிமையானது. கேட்டவுடனே பாடிவிடலாம்.

"நல்லாருக்கு பாய். எந்தக் கட்டத்துக்கு?"

"நாடகத்துக்கு இல்ல. என் வீட்டுக்காரிக்கு. நான் போற அன்னிக்கு அவளுக்கு என்னமோ சொல்லணும்ல? எனக்குப் பேச வராது. பாட்டாத்தான் வரும்."

பிறகு அவர் சொன்னதை நான் இன்றும் அப்படியே நினைவில் வைத்திருக்கிறேன். "போயிட்டு வரேன்னு சொல்ல முடியாது தம்பி. வரேன்னா அது பொய்யாயிடும். போறேன்னு சொன்னா அவ தாங்க மாட்டா. நம்ம பாஷையில வேற என்னா இருக்கு சொல்லு."

யோசித்தேன். வேறு ஒன்றும் இருக்கவில்லை. நம் வீடுகளில் கிளம்புகிறவன் வருகிறேன் என்றுதான் சொல்கிறான். வரப்போவதில்லை என்று தெரிந்தவனுக்கு நாம் சொல் எதுவும் வைத்திருக்கவில்லை.

அவரே ஒரு சொல் பிடித்து வைத்திருந்தார். ஆஸ்பத்திரியில் ஒரு ஃபிஜிக் காவல்காரர் இருந்தார். தினமும் பொழுது சாய்கிறபோது அவர் அறைக் கதவைப் பூட்டிவிட்டு, ஜன்னல் வழியாக "மொதே" என்று சொல்லிவிட்டுப் போவார். இந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்த சொல்தான். பிரிகிறபோது சொல்வது. அந்தப் பாஷையில் தூங்கு என்பதற்கும் அதே சொல்தான்.

"அதுல வரதும் இல்ல, போறதும் இல்ல. மொதே. அவ்வளவுதான்" என்றார் பாய். "கடைசி அடி 'மொதே'ன்னு முடியணும். மேல மூணு அடிக்கு அதுக்கு ஒத்த மாதிரி சொல்லு குடு."

சுலபம் என்று நினைத்தேன். வீட்டுக்குப் போகிற வழியிலேயே சொற்கள் கூட்டமாக வந்தன. போகாதே, அழாதே, மறக்காதே, நிற்காதே. வீட்டு வாசலை மிதிப்பதற்குள் ஒரு பாட்டு தயார்.

மறுநாள் மாமரத்தடியில் நின்று பாடினேன்.

"கண்ணைக் கசக்கி நிற்காதே,
கதவை மூடி அழாதே,
என்னை நினைத்து வாடாதே,
மொதே, கண்ணே, மொதே."

பாய் ஜன்னல் கம்பியில் விரலால் தட்டிப் பார்த்தார். பிறகு, "இது பாட்டா, போலீஸ் ஆர்டரா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை. "அழாதேன்னா அவ அழாம இருப்பாளா? அத சொல்ல நான் யாரு? அவளக் கஷ்டத்துல விட்டுட்டுப் போறவனே நான்தான். வேற பாரு தம்பி."

வேறு பார்த்தேன். அடுத்த கூட்டம் வந்தது. நோகுதே, வேகுதே, போகுதே, சாகுதே. அன்றாடம் நாடகத்தில் போட்டுப் பழகிய சொற்கள். அவற்றைக் கோத்துக்கொண்டு போனேன்.

"நெஞ்சு கிடந்து நோகுதே,
நேரம் ஓடிப் போகுதே..."

இரண்டாவது அடியிலேயே கையைக் காட்டி நிறுத்திவிட்டார். "இத அவ கேட்டா அங்கயே உக்காந்துடுவா. அப்புறம் புள்ளைக்கி சோறு யாரு ஆக்குறது?"

அன்றைக்கு நான் வீட்டில் சாப்பிடவில்லை. எத்தனை சொல் வேண்டுமானாலும் இருந்தது. ஒன்று அவர் மனைவிக்குக் கட்டளை போட்டது, இல்லையென்றால் அவர் மேல் விழுந்து அழுதது. இரண்டும் இல்லாத சொல் ஒன்றுகூட இல்லை. ஆபீசில் டிக்கெட் எழுதும்போது நாந்திக்குப் போகிறவனுக்குச் சுவா என்று எழுதிக் கொடுத்துவிட்டு ஏச்சு வாங்கினேன். பக்கத்துச் சுவரைத் தட்ட ஆள் இல்லை. சொல் சரியா தவறா என்று தெரிவிக்க அந்த மெஷின் சத்தமும் இல்லை.

அதன் பிறகு 'அதே', 'இதே' என்ற இரண்டும் கிடைத்தன. குட்டையாகத் தட்டி நீளமாக உட்காருகிற அந்த இரண்டு சுரத்துக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்தின. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஓடினேன்.

"ஆற்றுத் தண்ணி என்றும் அதே,
அக்கரைப் பாதை இன்றும் இதே..."

அவர் அதைத் திரும்பப் பாடிப் பார்த்தார். குரல் நன்றாகத்தான் ஏறியது. பிடித்துவிட்டது என்று நினைத்தேன். ஆனால் பாடி முடித்துவிட்டுத் தன் கையைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நான் அதேவா தம்பி?"



"நாளைக்கு வேற கொண்டாறேன் பாய்" என்று மட்டும் சொன்னேன். காவல்காரர் கதவைப் பூட்ட வந்தார்.

படகு அடுத்த வாரம் என்றுதான் சொல்லியிருந்தார்கள். ஆனால் மறுநாள் மத்தியானமே லாரி வந்துவிட்டது. பஸ் டிரைவர் ஒருவர் என் மேஜைக்கு வந்து, ஆஸ்பத்திரி வாசலில் சர்க்கார் லாரி நிற்கிறது என்றார். பயணிகளை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன்.

லாரி வாசலில் நின்றது. பாய் ஏற்கெனவே பின்பக்கம் ஏறி உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு மூட்டை. சாலையின் இந்தப் பக்கம் அவர் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், நின்றார். இதற்கு மேல் வரக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். பெண் குழந்தை அவர் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றது. அவர்களுக்கும் லாரிக்கும் நடுவில் வெயில் அடித்த வெறும் சாலை.

"தின்னீங்களா?" என்று அக்கா சத்தமாகக் கேட்டார்.

"தின்னேன். ரொட்டி குடுத்தாங்க."

"துண்டு வெச்சிருக்கீங்களா?"

"இருக்கு." பிறகு கொஞ்சம் பொறுத்து, "கொல்லையில பாவக்கா பந்தலு சாஞ்சுருக்கு. ஒரு கம்பு முட்டு குடு" என்றார்.

"குடுக்கறேன்."

 டிரைவர் இஞ்சினைக் கிளப்பினார். அப்போது பாய் என்னைப் பார்த்தார். சொல்லுக்காகக் காத்திருக்கும்போது புருவத்தை உயர்த்துவாரே, அப்படி உயர்த்தினார். என் வாய் திறந்தது. உள்ளே ஆயிரம் 'ஆதே'யும் 'குதே'யும் முட்டிக்கொண்டு நின்றன. ஒன்றும் வெளியே வரவில்லை. லாரி பாலத்தின் மேல் ஏறி அந்தப் பக்கம் இறங்கி மறைந்தது. குழந்தை மட்டும் கொஞ்ச நேரம் கை ஆட்டிக்கொண்டிருந்தது.

அந்த வருஷம் விழாவுக்குப் பாட்டு எழுதச் சொல்லி வந்தார்கள். மெட்டு யார் போடுவார் என்று கேட்டேன். பழைய பாட்டுகளையே பாடிக்கொண்டார்கள்.

அக்காவிடம் யாரும் துணி கொடுக்கவில்லை. அவருக்கும் நன்றாகவே தைக்கத் தெரியும், ஆனால் அந்த வீட்டுக் கை என்று பயந்தார்கள். வருஷம் திரும்புவதற்குள் தவுவாவில் இருந்த தன் அண்ணன் வீட்டுக்குப் போக முடிவு செய்தார். டிக்கெட் எழுதிக் கொடுத்தவன் நான்தான். குழந்தைக்குப் பாதி டிக்கெட். பெட்டியை மேலே ஏற்றிவிட்டு ஜன்னல் அருகில் நின்றேன்.

"போயிட்டு வரேன் தம்பி" என்றார் அக்கா. அவருக்கு அந்தச் சொல்லில் ஒரு தடையும் இருக்கவில்லை. ஆனால் பிறகு அவர் சிகடோகாவுக்கு வரவே இல்லை.

தீவுக்குப் போய்ப் பார்க்கலாமா என்று பல தடவை விசாரித்தேன். சொந்தக்காரர்களுக்கே அனுமதி எப்போதாவதுதான். நான் அவருக்குச் சொந்தம் இல்லை. பாட்டுக்காரன் என்று எழுதிக் கேட்க முடியுமா? அவரைப் பற்றி அவ்வப்போது ஏதாவது காதில் விழும். விரல்கள் மடங்கிவிட்டன என்றார்கள். அப்புறம், அங்கே எல்லோருக்கும் பாட்டுச் சொல்லிக் கொடுக்கிறார் என்றார்கள். புது மாத்திரை வந்துவிட்டது, இனிமேல் குணமாகி வருவார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு வந்தபோது, நான் ஆபீஸ் வாசலில் நின்று சுவா பஸ்ஸில் இறங்குகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பஸ்ஸில் அவர் வரவில்லை. நெஞ்சுச் சளி கண்டு இறந்துவிட்டார் என்ற செய்தி தவுவாவுக்குப் போய், அங்கிருந்து எனக்கு வந்தது. அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள்.

கொஞ்ச காலம் கழித்து ஒரு காலை, ஆற்றின் மேல்பக்கக் கிராமத்தைச் சேர்ந்த ஃபிஜிக்காரர் ஒருவர் சுவா பஸ்ஸிலிருந்து இறங்கினார். வயதானவர், ஒரு கால் நொண்டி. என் மேஜைக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்து, மேலே போகும் வண்டிக்காகக் காத்திருந்தார். காத்திருக்கும்போது முனகினார்.

நாலு அடி. குட்டையாகத் தட்டி, நீளமாக உட்காருகிறது.

பேனாவை வைத்தேன். எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். எங்கள் ஊர் இந்தியில் பேசிக்கொண்டோம். தீவிலிருந்து குணமாகி வருகிறார். தையற்காரருடைய கட்டிலுக்கு அடுத்த கட்டில் இவருடையது. பாட்டை அவர்தான் சொல்லிக் கொடுத்தாராம். யாராவது குணமாகிப் புறப்பட்டாலும் சரி, யாராவது செத்துப்போனாலும் சரி, அங்கே எல்லோரும் அதைத்தான் பாடுவார்களாம். கடைசி நாட்களில் அவருக்கு இருமல் அதிகம், ஆனால் வலி என்று சொன்னதில்லை என்றார்.

பாடச் சொல்லிக் கெஞ்சினேன். பாடினார். அவருக்கு ஒரு சொல்கூடத் தமிழ் தெரியாது. ஒலியை அப்படியே வாங்கி வைத்திருந்தார். ஒவ்வொரு மெய்யெழுத்தின் பின்னாலும் ஓர் உயிரெழுத்தைத் தொங்கவிட்டார். நான் ஒட்டு ஒட்டாகப் பிரித்து எடுத்தேன்.

"தைச்ச சட்டை நைஞ்சாலும்,
தண்ணி வத்திப் போனாலும்,
மனசு மட்டும்..."

மூன்றாவது அடியின் கடைசிச் சொல்லில் அவர் மூச்சு வாங்கினார். 'ஆராதே' என்று கேட்டது. முன்னால் ஓர் எழுத்து இருந்திருந்தாலும் அது மூச்சோடு போய்விட்டது. அதன் பிறகு தெளிவாக, "மொதே, புள்ளே, மொதே."

திரும்பப் பாடச் சொன்னேன். அதே இடத்தில் அதே மூச்சு. அவர் கற்றுக்கொண்டதே அப்படித்தான். இருமலோடு பாடியவரிடம் கற்றுக்கொண்டிருக்கிறார். மனசு மட்டும் மாறாதே என்றாரா? மனசு மட்டும் ஆறாதே என்றாரா? இல்லை, விட்டுப் போக மனசு மட்டும் வாராதே என்றாரா? மூன்றும் பொருந்துகின்றன. மூன்றையும் அவர் சொல்லியிருக்கலாம்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. 'ஆதே' என்றால் கட்டளை என்றே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அதை யாரையும் தடுக்காமல், 'மாறாது', 'ஆறாது' என்பதன் நீட்டலாக, தன் மனசு எப்படி இருக்கிறது என்று சொல்கிற சொல்லாகத் திருப்பி வைத்திருந்தார். பள்ளியில் தமிழ் படித்தும் எனக்கு அது தோன்றவில்லை. மாமரத்தடியில் நின்றபோது தோன்றியிருந்தால் அவர் அதை அன்றைக்கே பாடிவிட்டுப் போயிருப்பார்.

வண்டி வந்தது. அந்தப் பெரியவர் என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு ஏறிப் போனார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தவுவாவுக்குப் போனேன். அக்காவின் அண்ணன் வீடு கரும்புக் காட்டின் ஓரத்தில் இருந்தது. அக்கா அடுப்படியிலிருந்து வெளியே வந்து உட்கார்ந்தார். தலை பாதி நரைத்திருந்தது. பெண் நன்றாக வளர்ந்துவிட்டாள். மேஜையில் பள்ளிப் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

அந்த ஃபிஜிக்காரர் சொன்னதையெல்லாம் சொன்னேன். அக்கா முதலில் கேட்டது, "வலியில கெடந்தாரா?" என்பதுதான். இல்லையாம் என்றேன். அவர் நம்பினாரா என்று தெரியவில்லை.

"ஒரு பாட்டு இருக்குக்கா. உங்களுக்குன்னு போட்டது."

"பாடு தம்பி."

பாடினேன். என் குரல் அவருடையது போல இருக்காது. மூன்றாவது அடி வந்ததும் நின்றுவிட்டேன். "இந்த எடத்துல என்ன சொல்லுன்னு தெரியலக்கா" என்று மூன்றையும் சொன்னேன். அக்கா மூன்றையும் தனித்தனியாக வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். நெற்றியைச் சுருக்கினார். கடைசியில் தலையை ஆட்டினார்.

"எனக்கும் தெரியல தம்பி. பக்கத்துல இருந்தா கேட்டிருக்கலாம்."

 பெண் பென்சிலை வைத்துவிட்டு எங்களைப் பார்த்தாள். அவளுக்குத் தமிழ் வராது. தகப்பன் பேச்சு என்று மட்டும் புரிந்திருந்தது. "க்யா போலிஸ்?" என்று எங்கள் ஊர் இந்தியில் தாயிடம் கேட்டாள். அவர் என்ன சொன்னார் என்கிறாள்.

அக்கா என்ன சொல்லப் போகிறார் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றில் எதை எடுப்பார்? அவர் எதையும் எடுக்கவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மகளிடம் சொன்னார்:

"தோர் வாப்பா சலாம் போலிஸ்."

உன் வாப்பா சலாம் சொன்னார். அவ்வளவுதான். பெண் எழுந்து நின்றாள். நேரில் யாரோ சொன்ன மாதிரி, மிகவும் மரியாதையாக, "வ அலைக்கும் சலாம்" என்றாள். பிறகு உட்கார்ந்து மறுபடியும் எழுத ஆரம்பித்தாள்.

அக்கா டீ போட்டுக் கொடுத்தார். நான் குடித்துவிட்டு பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பினேன்.

அதற்குப் பிறகும் கல்யாணங்களுக்கும் விழாக்களுக்கும் எத்தனையோ பாட்டு எழுதியிருக்கிறேன். அந்த மெட்டைக் கேட்டு வந்தவர்களும் உண்டு, அந்த ஃபிஜிக்காரர் மேல்பக்கமெல்லாம் பாடிப் பரப்பிவிட்டார். சொற்களையும் கொடுங்கள் என்பார்கள். முதல் இரண்டு அடியைச் சொல்லிவிட்டு நிறுத்திவிடுவேன். மறந்துவிட்டீர்களா என்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுவது எனக்குச் சுலபமாக இருக்கிறது.